கதைப் பங்கு

2.11.98, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். தூறல் விழுவதும் நிற்பதுமாக. கரிசல் செருப்பில் அப்பி, ஆபீஸ் வாசலில் சுரண்டிவிட்டுத்தான் உள்ளே போனோம். தீப்பெட்டி ஆபீஸில் ஈரக் காலோடு நுழைந்தால் கணக்குப்பிள்ளைக்கு ஆகாது.

இந்த டைரி அண்ணன் கொடுத்தது. ஜனவரியில் உரக்கடையில் கொடுத்தார்களாம். இத்தனை நாள் பரணில் கிடந்திருக்கிறது. "நீதானட்டி எழுத்து, படிப்புன்னு இருக்க. வச்சிக்கோ." வருஷம் முடியப் போகும்போது டைரி. எனக்கு எல்லாமே இந்தக் கணக்கில்தான் வந்து சேர்கிறது.

புதுப் புத்தகம் தொடங்கினேன். வாடகை நூலகத்தில் எடுத்தது. பச்சை அட்டை. மில் முதலாளி மகள் நித்யா, அச்சாபீஸில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பாஸ்கர், இரண்டு பேரும் ஒரே ட்யூஷன். அதற்குமேல் சொல்ல வேண்டுமா. இளையோருக்கான நாவல் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. எனக்கு முப்பத்தாறு. யார் வந்து கேட்கப்போகிறார்கள்.

பெட்டி அடைக்கிற அறையில் நான்தான் கதை வாசிப்பது. மற்றவர்கள் குச்சியைக் கையளவில் அள்ளிப் பெட்டிக்குள் அடைத்துக்கொண்டே கேட்பார்கள். வாசிக்கிற நேரம் என் கை சும்மா இருக்கிறதே, அதற்காக ஆளுக்கு ஒரு வரிசை பெட்டி என் தட்டில் வைத்துவிடுவார்கள். கதைப் பங்கு என்று பெயர். கதை ஓடினால் ஊர்வம்பு ஓடாது என்று கணக்குப்பிள்ளையும் கண்டுகொள்வதில்லை. நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு அக்கா வாசித்தாள். அவள் கல்யாணமாகிப் போனதும் புத்தகம் என் கைக்கு வந்தது. அதன்பிறகு கை மாறவில்லை.

3.11.98, செவ்வாய்

வெயில். குச்சியெல்லாம் களத்தில் காய்கிறது.

நித்யாவுக்கு வியர்ப்பதே இல்லை. பாஸ்கருக்குப் பசிப்பதே இல்லை. மழையில் நனைந்துகொண்டு பக்கம் பக்கமாக நடக்கிறார்கள், ஒருவருக்கும் தும்மல்கூட வரவில்லை.

"குடுத்துவச்ச பிள்ளைய" என்றாள் வேலம்மாள். எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். என் வயதுதான். அவள் பேரன் எடுத்தாகிவிட்டது.

பேச்சிக்குப் பதினேழு வயது. கதை தொடங்கினால் வாயைத் திறந்தபடியே அடைப்பாள். "தாயக்கா, நிறுத்தாதீங்க, தாயக்கா." என் முழுப்பெயர் சண்முகத்தாய் என்பதே இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

பிற்பகல், தட்டு எடுக்க வந்தவர் எடுக்காமல் கதவோரம் நின்றுவிட்டார். காலிப் பெட்டி மூட்டையைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, அடைத்த தட்டுகளை எடுத்துப்போகிற ஆள். தீபாவளி கழித்துத்தான் வேலைக்குச் சேர்ந்தார். அத்தியாயம் முடிகிறவரை நின்றார். நிமிர்ந்து பார்த்தேன். உடனே குனிந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

5.11.98, வியாழன்

இன்றும் நின்றார். நேற்றும்.

மதினி கையில் இந்த டைரி கிடைத்தால் வம்பு. பெயர் வேண்டாம். கா. என்று வைத்துக்கொள்கிறேன். கடம்பூர்க்காரர். தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்து போகிறார். முஸ்லிம். தாடியில் பாதி நரை. பெஞ்சாதி தவறிவிட்டார்களாம். இதெல்லாம் பேச்சி சொன்னது. நான் கேட்கவில்லை. கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டேன்.

எல்லோரும் அவரை அண்ணாச்சி என்கிறார்கள். எனக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில் வர மறுக்கிறது. "இந்தாங்க", "இங்க பாருங்க" என்று ஓட்டுகிறேன். அண்ணாச்சி என்றுவிட்டால் அண்ணனாகிவிடுவார். எனக்கு ஒரு அண்ணன் போதும்.

என்னை அவர் டீச்சர் என்கிறார். மற்றவர்கள் எல்லாம் "ஏ பிள்ள."

6.11.98, வெள்ளி

மத்தியானம் கா. தொழுகைக்குப் போய்விட்டார். வருவதற்குள் பாஸ்கர் நித்யா வீட்டுக்கே வந்து நிற்கிற கட்டம். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"காலையில நல்லாத்தான இருந்த?" வேலம்மாள்.

"இப்பதான் கட்டிச்சு."

இருமியும் காட்டினேன். பேச்சி எங்கிருந்தோ சுக்கு வாங்கி வந்து கொடுத்தாள். பாவம். சுக்கை மென்றுகொண்டு பெட்டி அடைத்தேன். காரம்.

8.11.98, ஞாயிறு

துணி துவைத்தேன். இரண்டு சேலை, போர்வை. அண்ணன் வீட்டார் எல்லோரும் மதினியின் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். எனக்கும் சேர்த்துத்தான் அழைப்பு வந்திருக்கும். வீட்டுக்கு ஆள் வேண்டும் அல்லவா.

என் அறை அண்ணன் வீட்டுக்குப் பின்பக்கம். நடுவில் ஒரு சுவர். மற்ற நாள் டி.வி. சத்தம் கேட்கும், பிள்ளைகள் சண்டை கேட்கும், மதினி தாளிக்கிற வாசனை வரும். இன்று ஒன்றும் இல்லை. ரசம் வைத்தேன். சாப்பிடும்போது நான் மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்டது. டம்ளரை வேண்டுமென்றே ஓசைப்பட வைத்தேன்.

புத்தகத்தை எடுத்து மனசுக்குள் படிக்கப் பார்த்தேன். ஓடவில்லை. காதலைச் சத்தமாக வாசித்தே பழகிவிட்டது.

10.11.98, செவ்வாய்

நல்ல மழை. களத்தில் கிடந்த பெட்டியெல்லாம் அள்ளி உள்ளே போட்டார்கள். அறைக்குள் இருட்டு. எழுத்து தெரியவில்லை. புத்தகத்தை ஜன்னல் பக்கம் சாய்த்து வாசித்தும் திணறினேன்.

கா. ஸ்டூல் போட்டு ஏறி, கதவுக்கு மேலே இருந்த பல்பைக் கழற்றி வயரை இழுத்து என் தலைக்கு நேராக மாட்டினார். யாரும் சொல்லவில்லை. அவராகச் செய்தார். இறங்கி, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "இப்பத் தெரியுதா, டீச்சர்?" என்றார்.

தெரிந்தது. எல்லாமே தெரிந்தது. என் கையில் ஒட்டியிருந்த மருந்துப் பொடி, புத்தகத்தில் யாரோ சிந்தின காபிக் கறை.

கதவுப் பக்கம் இப்போது இருட்டு. அந்த இருட்டில்தான் நின்று கேட்டார்.

12.11.98, வியாழன்

போளி!

மத்தியானம் சாப்பிடும்போது என் தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம். வாழை இலை, மேலே தாள். கடம்பூர் போளி. இன்னும் லேசாகச் சூடு இருந்தது. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. கடம்பூரிலிருந்து இங்கே வருகிற ஆள் ஒருவர்தான்.

வேலம்மாளுக்குக்கூடக் கொடுக்கவில்லை. இது தப்பு, தெரியும். முந்தானைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன். நெய் விரலெல்லாம். எனக்கென்று ஒருவர் தின்பண்டம் வாங்கி வந்தது அம்மா இருந்தபோது. அதன்பிறகு யாரும் இல்லை.

இப்போது நினைத்துப் பார்த்தால், மூட்டை கொட்டும்போது என் பக்கம் விழுவதெல்லாம் நன்றாக ஒட்டின பெட்டி. வாய் பிளந்தது, ஈரம் பட்டது ஒன்றும் இல்லை. இத்தனை நாள் அதைத் தற்செயல் என்று நினைத்திருக்கிறேன். எவ்வளவு மக்கு நான்.

15.11.98, ஞாயிறு

வெயில் சுள்ளென்று. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்.

கதைகளில் எப்போதும் எதிர்ப்பு வேண்டும். நித்யாவுக்கு அப்பா ஒருவர்தான். எனக்கு எழுதிப் பார்த்தேன்.

எதிர்ப்பு: அண்ணன். மதினி. மதினியின் தங்கை. சாதி, மதம். கணக்குப்பிள்ளை. என் வயது. என் துருத்தின முன்பல்.

ஆதரவு: பல்பு. போளி.

எழுதி முடித்துவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் மதினி, "யாருகிட்டட்டி பேசுத?" என்றாள். "யாரும் இல்ல மதினி." அது உண்மைதான்.

பெண் பார்க்க வந்து முன்பல்லைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் கடிதம் போடுகிறோம் என்றார்கள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அம்மா எழுந்து வாசலுக்குப் போவாள். ரொம்ப நாள் போய்க்கொண்டிருந்தாள். பிறகு மணி கேட்டாலும் எழுந்திருப்பதில்லை. இன்றைக்கு எதற்கு இது ஞாபகம்.

நாளை மெரூன் சேலை.

16.11.98, திங்கள்

மெரூன் சேலை. பிச்சிப்பூ.

"என்னட்டி, யாரு வீட்டுக் கல்யாணம்?" வேலம்மாள்.

"சும்மாதான். பழசாயிப் போகுதுல்லா."

"சேலையா, நீயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ரொம்ப நாள் கழித்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இன்று பெரிய கட்டம். நித்யாவின் அப்பா கூடத்தில் நின்று பூச்சாடியைத் தூக்கி எறிகிறார். "இனி எனக்கு மகளே இல்லை." நித்யா கட்டின துணியோடு வெளியே போகிறாள். பாஸ்கர் ரயில்வே ஸ்டேஷனில் காத்திருக்கிறான். இதை நான் கொஞ்சம் ஏற்றி இறக்கித்தான் வாசித்தேன், சேலைக்குத் தகுந்த மாதிரி. பேச்சி அழுதாள். கதவுப் பக்கம் பார்க்கக்கூடாது என்று இருந்தேன். பார்த்தேன். கா. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

ஒரு ஆண் காதல் கதைக்கு அழுகிறார். நான் வாசிக்கிற கதைக்கு.

17.11.98, செவ்வாய்

எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டால் கொஞ்சம் குறையும்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனேன். தொட்டிப் பக்கம் கா. நின்றார். வேறு யாரும் இல்லை. "டீச்சர், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கக்கூடாது" என்றார். என் கையிலிருந்த சொம்பு தொட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டது.

"கேளுங்க."

"அந்த அப்பா திரும்ப வருதாரா?"

"எந்த அப்பா?"

"கதையில. பூச்சாடிய எறிஞ்சாருல்லா, அவரு. பின்னால வருதாரா? மவளப் பாக்க வருதாரா?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். ஒரே மகளாம். ஜெரினா. மூன்று வருஷத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போய்விட்டாளாம், எப்போதும்வென்றான் ஊர்ப் பையனோடு. ஆடு மேய்க்கிற குடும்பம்.

"இதே மாரி புத்தகந்தான் படிப்பா. தலகாணிக்கு அடியில வச்சிருப்பா. அவ போன அன்னைக்கு எல்லாத்தையும் அடுப்புல போட்டேன், டீச்சர். அதுல என்னதான் எழுதியிருக்குன்னு ஒரு வரி பாக்கல. எனக்கு எழுத்தும் வராது. நீங்க வாசிக்கையிலதான் கேக்கேன். எம் மவ எதப் படிச்சாளோ, அதக் கேக்கேன்."

"போளி வச்சீங்களே" என்றேன். அதையா கேட்பது அந்த நேரத்தில்.

"எல்லாரும் பங்கு குடுக்காவ. நான் பெட்டி அடைக்கலல்லா. ஓசியில கேக்கக்கூடாதுன்னு..."

பங்கு.

பல்பு, எழுத்து தெரிவதற்கு. நல்ல பெட்டி, அதுவும் பங்கு. போளி, பங்கு. வேலம்மாள் ஒரு வரிசை வைக்கிற மாதிரி, பேச்சி ஒரு வரிசை வைக்கிற மாதிரி, இவர் ஒரு போளி வைத்திருக்கிறார். இந்த வழக்கத்தில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிற எனக்கு அது தோன்றவே இல்லை.

"மீதிய நான் இன்னும் படிக்கல. படிச்சிட்டுச் சொல்லுதேன்" என்றேன். சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த அத்தியாயம் வாசித்தேன். குரல் ஒழுங்காகத்தான் வந்தது. வெட்கமாக இருக்கிறது. அதைவிட வருத்தமாக இருக்கிறது.

18.11.98, புதன்

தலைவலி என்று லீவு. மதினி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நெற்றியில் தொட்டுப் பார்த்தாள். அவளும் அவ்வளவு மோசமில்லை.

பச்சைப் புத்தகத்தை ஒரே மூச்சில் முடித்தேன். அப்பாவைத் தேடிக்கொண்டே படித்தேன். நித்யா ரயில் ஏறுகிறாள். வாடகை வீடு. கஷ்டம். பரீட்சை. பாஸ்கருக்கு நல்ல வேலை. பதிவாபீஸில் கல்யாணம், மாலை, நண்பர்கள் கைதட்டல். சுபம். அப்பா இல்லை. செத்தார் என்றுகூட இல்லை. பூச்சாடியை எறிந்ததோடு சரி. எழுதினவர் அவரை மறந்துவிட்டார். அந்தக் கூடத்திலேயே விட்டுவிட்டுக் காதலர்களோடு ரயில் ஏறிப் போய்விட்டார்.

அந்த மனுஷன் இன்னும் கூடத்தில் நின்றுகொண்டிருக்கிறார். உடைந்த சாடியை யார் கூட்டினார்களோ.

22.11.98, ஞாயிறு

மூன்று நாளாக எழுதவில்லை. வேலைக்குப் போனேன், வாசித்தேன், வந்தேன். கதையை மெதுவாக ஓட்டுகிறேன். கா. தினமும் நிற்கிறார். கேட்பதில்லை. நான் முகத்தைப் பார்ப்பதில்லை.

இன்று வாடகை நூலகம் போனேன். கடைக்காரர் ஈரமான புத்தகங்களை விசிறிக்குக் கீழே விரித்துப் போட்டிருந்தார்.

"அப்பா மனசு மாறி மகளைப் பாக்க வருத மாதிரி ஏதாவது இருக்கா?" என்றேன்.

சிரித்தார். "சின்னப் பிள்ளைகளுக்கு எழுதுத கதையில அப்பனுக்கு என்னம்மா வேலை? தடுக்கதுக்குத்தான் அப்பன். தடுத்து முடிச்சிட்டாம்னா அவன் வேலை முடிஞ்சிது."

அங்கேயே நின்று புரட்டிப் பார்த்தேன். அப்பாக்கள்: நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறவர், போலீஸோடு வருகிறவர், சொத்து இல்லை என்று எழுதிக்கொடுக்கிறவர், கடைசிப் பக்கத்தில் கல்யாண மண்டபத்து வாசலில் திடீரென்று கையைத் தூக்கி ஆசீர்வதிக்கிறவர். எப்படி வந்தார், பஸ்ஸில் வரும்போது என்ன நினைத்தார், கதவைத் தட்டும்போது கை எப்படி இருந்தது, ஒன்றும் கிடையாது. ஒரு அப்பாவும் தனியாக, கையில் ஒரு பொட்டலத்தோடு மகள் வீட்டு வாசலில் போய் நிற்கவில்லை.

வேறொரு புத்தகம் எடுத்துக்கொண்டு வந்தேன். நீல அட்டை.

23.11.98, திங்கள்

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. நாளை முடித்தாக வேண்டும். பேச்சி நச்சரிக்கிறாள்.

ஒரு யோசனை வந்தது, நல்லதா கெட்டதா தெரியவில்லை. வாசிக்கும்போது நானாக ஒரு அப்பாவைச் சேர்த்துவிடலாம். கல்யாணத்துக்கு வருகிறார், மகளைக் கட்டிக்கொள்கிறார். யாருக்குத் தெரியும்? எனக்கு அது கஷ்டமே இல்லை, இத்தனை புத்தகம் வாசித்த வாய்.

ஆனால் கதையில் ஒரு அப்பா போய்விட்டால், இவருக்கு அது போதுமென்று ஆகிவிடும். கேட்டு, அழுது, மனசு ஆறி, பாசஞ்சர் ஏறிக் கடம்பூருக்குப் போய்விடுவார். எப்போதும்வென்றானுக்குப் போக மாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. உள்ளதை எழுதிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்வது. "இந்தப் புத்தகத்தில் இல்லை, அடுத்ததில் வருவார்" என்று சொன்னால் அடுத்தது முடிகிறவரை நிற்பார். அதிலும் இல்லை என்றால் அதற்கும் அடுத்தது. நூலகத்தில் புத்தகத்துக்கா பஞ்சம். வருஷக்கணக்கில் அந்தக் கதவோரத்தில் நிறுத்திவைக்கலாம். எனக்காக நிற்கவில்லை என்றால்தான் என்ன, நிற்பாரே. தலைக்கு மேல் அவர் மாட்டின பல்பு. மாதத்துக்கு ஒரு போளி.

ஆசையாகத்தான் இருக்கிறது.

24.11.98, செவ்வாய்

மழை. முடித்தேன்.

ஒரு வரி கூட்டவில்லை, ஒரு வரி குறைக்கவில்லை. மாலை மாற்றினார்கள், கைதட்டினார்கள், சுபம். பேச்சி மூக்கைச் சிந்திக்கொண்டே, "நல்லா இருக்கட்டும்" என்றாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி. எல்லோரும் என் தட்டில் பங்கு வைத்தார்கள். கா. நகரவில்லை. நான் சொல்லுவேன் என்று நிற்கிறார்.

எழுந்து போனேன். அறையிலேயே வைத்துத்தான் சொன்னேன், எல்லோர் காதிலும் விழட்டும் என்று. தனியாகச் சொன்னால் வேறு ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயம்.

"வரல, அண்ணாச்சி."

வந்துவிட்டது அந்த வார்த்தை. நான் நினைத்த அளவுக்குக் கஷ்டமில்லை.

"கடைசி வரைக்கும் வரல. இதுல மட்டும் இல்ல, நான் படிச்ச ஒண்ணுலயும் வரல. நூலகத்துலயும் போயிக் கேட்டேன். அப்படி ஒரு கதை கெடையாது, அண்ணாச்சி. புத்தகத்த நம்பி இங்கன நிக்காதீங்க. மவளப் பாக்க பஸ் ஏறிப் போங்க."

"மவ கதவ அடைச்சிட்டான்னா?" என்றார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது.

"அடைச்சா வெளிய நில்லுங்க. இங்கன நின்னீங்கல்லா, அதே மாரி நில்லுங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். தட்டுகளை மறந்துவிட்டார். கணக்குப்பிள்ளை கத்தின பிறகு வேறு ஆள் வந்து எடுத்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தால் வேலம்மாள் என்னையே பார்க்கிறாள். மெரூன் சேலையை அவள் மறக்கவில்லை. தன் தட்டிலிருந்து இன்னொரு வரிசை பெட்டியை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். டி.வி. சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது, நல்லதாகப் போயிற்று.

26.11.98, வியாழன்

காதர் அண்ணாச்சி நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. இனிப் பெயரை எழுதினால் என்ன. காதர்.

புது ஆள் கொட்டின பெட்டியில் பாதி நமுத்தது. அடைக்கும்போதே வாய் பிளக்கிறது. எல்லோரும் அவனைத் திட்டினார்கள். கதை இல்லை. நீலப் புத்தகத்தைத் திங்கட்கிழமை தொடங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பார்க்க வேண்டியவை: மண்ணெண்ணெய், செருப்பு வார், பல் டாக்டர் (சும்மா எழுதுகிறேன், போகப்போவதில்லை).

28.11.98, சனி

வெளிச்சம் நன்றாக இருந்தது. மழை விட்டுவிட்டது.

வந்துவிட்டார். தாடியை ஒதுக்கி, வெள்ளைச் சட்டை. கையில் பெரிய பொட்டலம். உள்ளே வந்து (வேலை எதுவும் இல்லாமல் முதல் தடவையாகக் கதவைத் தாண்டி உள்ளே வந்தார்) ஒவ்வொருவருக்கும் ஒரு போளி கொடுத்தார். பேச்சிக்கு, வேலம்மாளுக்கு, வரிசையாக எல்லோருக்கும். எனக்கும் ஒன்று.

"நிக்கணும்னுதான் போனேன், டீச்சர். கதவே அடைக்கல. தொறந்துதான் கெடந்துச்சு. நடையில பேரன் உக்காந்து மண்ணு தின்னுக்கிட்டிருக்கான்."

"அவிய என்ன சொன்னாவ?" பேச்சிக்கு எல்லாம் உடனே தெரிய வேண்டும்.

"யாரு, ஜெரினாவா? ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டீங்களா வாப்பான்னு கேட்டா."

எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. பாதிக்குமேல் சந்தோஷம்.

போளியை அங்கேயே, எல்லோரோடும் உட்கார்ந்து தின்றேன். நல்ல போளி.

30.11.98, திங்கள்

வெயில். பனிக்காலம் வரப்போகிறது, காலையில் உதடு வெடிக்கிறது.

நீலப் புத்தகம் தொடங்கினேன். இதில் பெண் டாக்டருக்குப் படிக்கிறவள், பையன் மெக்கானிக். இவர்களுக்கும் வியர்க்கவில்லை. இதிலும் ஒரு அப்பா இருக்கிறார், முதல் பக்கத்திலேயே மீசை.

அண்ணாச்சி மூட்டையைக் கொட்டினார். எனக்குப் பக்கத்தில் நல்ல பெட்டிதான் விழுந்தது, பழக்கம் போல. "நல்லாருக்கீங்களா, டீச்சர்" என்றார். தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு போனார். நிற்கவில்லை. நிற்பதற்கு என்ன இருக்கிறது. செருப்புச் சத்தம் களத்தைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கொட்டகை வரைக்கும் போனது.

பல்பு என் தலைக்கு மேலேயே இருக்கிறது. வெயில் நாளிலும் எரிகிறது. யாரும் மாற்றவில்லை.

இரண்டாவது அத்தியாயம் வாசித்துக்கொண்டிருந்தேன். வேலம்மாள் கையை நிறுத்திவிட்டு என் முழங்காலில் தட்டினாள்.

"ஏட்டி தாயி, நாங்க இங்கனதான இருக்கோம். யாருக்குக் கேக்கணும்னு இம்புட்டுச் சத்தம்?"